பற்றும் பற்றாசும்

மோதிரம் ஒரு சிறிய பிளாஸ்டிக் உறையில் திரும்பி வந்தது. மும்பை மாதுங்காவில் மூன்று தலைமுறைகளாக வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் இளம்பெண் அதைக் கடையிலேயே விரலில் அணிந்து பார்த்தாள். அளவு சரியாக இருந்தது. கூலியைக் கொடுத்துவிட்டு வீட்டிற்கு வந்தாள். இரவில் விளக்கடியில் கழற்றிப் பார்த்தபோதுதான் உட்புறம் கண்ணில் பட்டது. அங்கே பொறிக்கப்பட்டிருந்த பெயரின் நடுவே ஒரு புதிய பொன்துண்டு அமர்ந்திருந்தது. முதல் இரண்டு எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. மற்றவை மெருகு இயந்திரத்தில் தேய்ந்து போயிருந்தன. கல்லைச் சுற்றி மணிமணியாய் ஓடிய விளிம்பு ஒரு பக்கம் மழுங்கியிருந்தது. கல்லும் இம்மியளவு சாய்ந்திருந்தது.

அது நிச்சயதார்த்த மோதிரம். கடையில் அடுக்கி வைத்திருந்தவற்றிலிருந்து எடுத்தது அன்று. பாட்டியின் ஏழு கல் தோடு ஒன்று, இணை தொலைந்து, ஒற்றையாகப் பெட்டியில் கிடந்தது. அதன் நடுக்கல்லை எடுத்து, அவளும் அவளை மணக்கவிருந்தவனும் சேர்ந்து ஒரு தாளில் வரைந்த வடிவத்தில், ஜவேரி பஜாரில் ஒரு முதிய வங்காளப் பொற்கொல்லர் செய்து கொடுத்தார். பாட்டியின் பெயரை மணமகன் தன் கையெழுத்தில் தமிழில் எழுதித் தர, அப்படியே உள்ளே பொறிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் மோதிரம் விரலை இறுக்கவே, பெரிதாக்குவதற்காக வீட்டருகே இருந்த ஒரு கடையில் கொடுத்தாள். செய்தவர் அதற்குள் தொழிலை விட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டிருந்தார்.

மறுநாள் கடைக்காரர் அமைதியாகப் பதில் சொன்னார். எடை குறையவில்லை. மாற்று குறையவில்லை. கல் மாறவில்லை. அளவைப் பெரிதாக்கச் சொன்னார்கள், பெரிதாக்கியாயிற்று. இதில் குறை எங்கே?

சாந்தோக்ய உபநிஷதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவிற்குச் சொல்லும் உபதேசத்தைக் கேட்டவர்களுக்கு இந்தப் பதில் ஒரு புன்முறுவலை வரவழைக்கும். ஒரு பொற்கட்டியை அறிந்தால் பொன்னால் ஆன அனைத்தும் அறியப்பட்டதாகும். வடிவங்களின் வேறுபாடு வெறும் பெயரளவே என்பது அங்குள்ள கருத்து. பிள்ளையார் உருவமும் மூஞ்சூறு உருவமும் உருக்குபவனுக்கு ஒரே பொன்தான். கடைக்காரர் தம்மை அறியாமலே வேதாந்தம் பேசினார். ஆனால் அவர் கூலி வாங்கியது பொன்னுக்கு அன்று, வடிவத்திற்கு. வடிவம் பொய் என்றால் வடிவத்தைத் திருத்துவதற்கு வாங்கிய கூலி மட்டும் எப்படி மெய்யாகும்? ஆன்மிக உண்மையை வியாபாரத்தில் கேடயமாக்கினால் உண்மையும் பழுதுபடும், வியாபாரமும் பழுதுபடும்.

வீட்டில் ஆளுக்கொரு கருத்து. தந்தை வழக்குப் போடலாம் என்றார். பக்கத்து வீட்டு அம்மாள் இது நல்ல சகுனம் அன்று என்றார். அதைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. ஆண்டுக்கணக்காகச் சத்சங்கத்திற்குப் போய்வரும் பெரியப்பா சொன்னதுதான் அவளைத் தைத்தது. “இத்தனை படித்தும் கேட்டும் என்ன பயன் அம்மா? ஒரு மோதிரத்திற்காக இப்படி அழலாமா?”

அவர் கேட்டது சாதாரணக் கேள்வி அன்று. பக்தி வாழ்க்கையில் ஈடுபட்ட ஒருவர் பழுதுபட்ட ஒரு பொருளுக்காக வருந்துவது பலவீனமா? அதற்கு நியாயம் கேட்பது ஆசையா?

பொருளுக்கு உரிய மதிப்பு

துறவு பேசுபவர்கள் அனைவரும் பொருளை இகழ்ந்தவர்கள் என்று நினைப்பது பிழை. நாணயத்தையும் மண்ணையும் ஒன்றெனக் கருதிக் கங்கையில் எறிந்த ஸ்ரீராமகிருஷ்ணர், பஞ்சவடியில் சீதாதேவியின் தரிசனத்தில் கண்ட வளையல்களைப் போலவே, முகங்கள் வெட்டிய பொன் வளையல்களை அன்னை ஸ்ரீசாரதாதேவியாருக்காகச் செய்விக்கச் சொன்னார். பணத்தைத் தொடவும் இயலாதவர் ஓர் அணிகலனின் வேலைப்பாட்டில் இத்தனை கருத்தாக இருந்தார். 1886 ஆகஸ்டில் அவர் மகாசமாதி அடைந்தபோது, வழக்கப்படி அன்னையார் அணிகலன்களைக் களையத் தொடங்கினார். அப்போது குருதேவர் காட்சியளித்துத் தடுத்தார் என்று அன்னையாரின் வரலாறு கூறுகிறது. அந்த வளையல்கள் அவர் கைகளிலேயே இருந்தன. அவற்றை யாரும் பொன்னாசை என்று சொல்வதில்லை.

வேலை முடிந்ததும் துடைப்பத்தை அலட்சியமாக வீசிய ஒருவரை அன்னையார் கண்டித்த நிகழ்ச்சியும் பலர் அறிந்ததே. துடைப்பமானாலும் அதற்குரிய மதிப்பைத் தந்து உரிய இடத்தில் வைக்க வேண்டும் என்பது அவருடைய கருத்து. துடைப்பத்திற்கே இது பொருந்துமானால், ஒரு பாட்டியின் பெயரைத் தாங்கிய மோதிரத்தை மெருகுச் சக்கரத்தில் கொடுப்பதற்கு முன்பு ஒரு முறை உள்ளே பார்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது மிகையாகாது. அவளுடைய வருத்தத்தில் ஒரு பகுதி நியாயமானது. அலட்சியத்தைக் கண்டு வருந்தாத மனம் பற்றற்ற மனம் என்பதைவிட, மரத்துப்போன மனமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆனால் மற்றொரு பகுதியும் உண்டு. பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் 62, 63-ஆம் சுலோகங்கள் மனிதன் வீழும் படிகளை வரிசையாகக் காட்டுகின்றன. முதற்படி பற்றோ ஆசையோ கோபமோ அன்று. பொருளைத் திரும்பத் திரும்ப நினைப்பது. அதிலிருந்து பற்று, பற்றிலிருந்து ஆசை, ஆசையிலிருந்து சினம், சினத்திலிருந்து மயக்கம் என்று படிகள் இறங்குகின்றன. அந்தப் பெண் மோதிரத்தை இரண்டு ஆண்டுகள் அணிந்திருந்தாள். அந்தக் காலம் முழுவதிலும் நினைத்ததைவிட அதிகமாக, பழுதான பின் வந்த ஐந்து நாட்களில் அதை நினைத்தாள். இரவில் எழுந்து விளக்கைப் போட்டுப் பார்ப்பாள். கடைக்காரரிடம் என்னவெல்லாம் சொல்லியிருக்கலாம் என்று மனத்திற்குள் ஒத்திகை நடக்கும். மோதிரம் நன்றாக இருந்தபோது ஏற்படாத பற்று, அது கெட்ட பிறகு ஏற்பட்டது. பொருளை இழந்தவர்கள் பலருக்கும் இது அனுபவம். பற்று இன்பத்தால்தான் வளர்கிறது என்று எண்ணுகிறோம். குறையை எண்ணி எண்ணி வளரும் பற்றே பல வேளைகளில் வலியது.

இந்த நாட்களில் அவளுடைய தாய் ஒன்று சொன்னார். அந்தத் தோட்டைப் பிரித்தபோது பாட்டி இருந்திருந்தால் அழுதிருப்பார் என்று. ஏழு கற்களைத் தாங்கிய பழைய கட்டடத்தை உடைத்து, பொன்னை உருக்கித்தான் இந்த மோதிரம் பிறந்தது. அதையும் ஒரு பொற்கொல்லர் ஒரு காலத்தில் பார்த்துப் பார்த்துச் செய்திருப்பார். ‘எனக்கென்றே செய்தது’ என்று அவள் போற்றிய வடிவம் மற்றொருவர் போற்றிய வடிவத்தின் அழிவிலிருந்து வந்தது. இது அவளுடைய குறையைக் குறைத்துவிடவில்லை. ஆனால் அன்றிரவு அவள் விளக்கைப் போடவில்லை.

பக்தன் ஏமாளியாக வேண்டுமா?

பொறுத்துக்கொண்டு போய்விடுவதுதான் பக்தனுக்கு அழகு என்பது பரவலான எண்ணம். இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சி ஸ்ரீராமகிருஷ்ணரின் சீடர்களின் வாழ்க்கையில் உள்ளது. பின்னாளில் சுவாமி யோகானந்தர் ஆன யோகின் ஒரு முறை கடைத்தெருவில் இரும்பு வாணலி ஒன்று வாங்கினார். தருமத்திற்கு அஞ்சி நல்ல பொருளாகத் தரும்படி கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டாரே தவிர, கொடுத்ததைச் சோதித்துப் பார்க்கவில்லை. வந்து பார்த்தால் அதில் விரிசல். குருதேவர் யோகினின் நம்பிக்கையைப் பாராட்டவில்லை, கண்டித்தார். கடைக்காரன் கடை திறந்திருப்பது வியாபாரத்திற்காக; பக்தன் என்பதற்காக ஏமாளியாக இருக்க வேண்டுமா என்பது அவர் கேட்ட கேள்வியின் சாரம். நாலு கடையில் விசாரித்து வாங்க வேண்டும், கொசுறு தரும் பொருளானால் அந்தக் கொசுறையும் விடக் கூடாது என்றும் சொல்லிக் கொடுத்தார். சமாதியில் மூழ்கும் ஒருவர் கொசுறைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். உலகில் இருக்கும்வரை உலகை விழிப்போடு நடத்த வேண்டும் என்பதில் அவர் சற்றும் தளரவில்லை.

மோதிரம் கொடுக்கும்போது அவள் செய்த பிழையும் இங்கே தெரிகிறது. ரசீதில் ‘மோதிரம் ஒன்று, அளவு பெரிதாக்க’ என்று மட்டும் எழுதியிருந்தது. உள்ளே எழுத்து இருப்பதை அவள் சொல்லவில்லை. எழுதி வாங்கவும் இல்லை. மோதிரத்தைப் பெரிதாக்க, பட்டையை வெட்டி, அதே மாற்றுள்ள பொன்துண்டை நடுவில் வைத்து, வெண்காரம் இட்டு, பற்றாசு உருக்கி இணைக்கிறார்கள். வழக்கமாக வெட்டும் இடம் கல்லுக்கு நேர் எதிரே, பட்டையின் அடிப்பாகம். நெருப்பு கல்லுக்கு எட்ட இருக்க வேண்டும் என்பதே காரணம். அவளுடைய மோதிரத்தில் பெயர் இருந்ததும் அதே இடம். இதை முன்பே அறிந்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். 2021 ஜூன் 16 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்ட ஹால்மார்க் முத்திரை பொன்னின் மாற்றைச் சொல்லும். செய்பவரின் கவனத்தைச் சொல்லும் முத்திரை எதுவும் இல்லை.

அதற்காகக் கடையின் பொறுப்பு இல்லாமல் போய்விடாது. எழுத்தின்மேல் அறுக்க நேர்ந்தால் உடையவரைக் கேட்பது தொழில் தருமம். சட்டமும் பழுதுபார்த்தலைச் சேவையாகவே கருதுகிறது. 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சேவைக் குறைபாட்டிற்கு இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமும் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். இந்த வழிகளை நாடுவது பக்திக்கு முரண் அன்று.

அன்னை ஸ்ரீசாரதாதேவியார் தம் இறுதி நாட்களில், அமைதி வேண்டுமானால் பிறரிடம் குற்றம் காணாதிருக்கும்படி ஒரு பக்தைக்கு அருளிய உபதேசம் அப்படியானால் என்ன ஆவது? துடைப்பத்திற்காகக் கண்டித்ததும் அதே அன்னைதான். வேலையில் உள்ள குறையைச் சுட்டுவது ஒன்று. அந்தக் குறையைக் கொண்டு ஒரு மனிதனை எடைபோட்டு மனத்தில் சுமந்து திரிவது வேறு. சொல்வது எளிது. இரண்டிற்கும் நடுவே உள்ள கோடு பற்றவைத்த இடம்போல் மெல்லியது. அந்தப் பெண் இரண்டாம் முறை கடைக்குச் சென்றபோது அதைத் தாண்டிவிட்டாள்.

யார் தலையில்?

கடைக்காரர் பட்டறையிலிருந்து ஓர் இளைஞனை வரவழைத்தார். இருபது வயதிருக்கும். மும்பையின் நகைப் பட்டறைகளில் உழைக்கும் ஆயிரக்கணக்கானோரைப் போல வங்காளத்திலிருந்து வந்தவன். அவனைக் கண்டதும் ஐந்து நாள் ஒத்திகை முழுவதும் அவள் வாயில் வந்தது. கண் இல்லையா என்று கேட்டாள்; கை இருந்தால் மட்டும் தொழிலாளி ஆகிவிட முடியாது என்றாள். அவன் தலைகுனிந்து நின்றான். கடைக்காரர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. சேதத்திற்கான தொகையை அவன் கூலியில் பிடித்துத் தந்துவிடுவதாகச் சொன்னார். அவள் கேட்டது கிடைத்துவிட்டது.

வழக்கமாக இந்த இடத்தில் கதை முடிந்துவிடும். நியாயம் கேட்டவர் தொகையை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அது எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதில்லை. கேட்பது நியாயமே ஆனாலும், அதன் சுமை சமுதாயத்தில் கீழ்நோக்கியே உருளும். கடை பொறுப்பேற்றது, கடை கூலி வாங்கியது. ஆனால் பிழைக்கு விலை கொடுக்க வேண்டியவன் அந்தக் கூலியில் ஒரு சிறு பங்கைப் பெற்றவன்.

அவள் பட்டறைக்குப் போன சீட்டைக் காட்டச் சொன்னாள். அதில் இரண்டு எண்கள் மட்டும் இருந்தன: பழைய அளவு, புதிய அளவு. உள்ளே இருந்தது என்னவென்று நினைத்தாய் என்று இளைஞனைக் கேட்டாள். ஏதோ கோடுகள் என்று நினைத்ததாகச் சொன்னான். தமிழ் எழுத்தை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவனிடம் பிழை இல்லை என்று சொல்ல முடியாது. எந்த மொழியானாலும், ஒரு கை வேண்டுமென்று பொறித்த கோடு என்பது பொற்கொல்லன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். சந்தேகம் வந்தால் கேட்க வேண்டும். விளிம்பை மழுங்கவிட்டதும் அவன் கைதான். ஆனால் கேட்பவனுக்கு நேரம் போகும், நேரம் போனால் எண்ணிக்கை குறையும் என்ற நிலையில் அவனை வைத்தவருக்கும், சொல்லாமல் கொடுத்தவளுக்கும் பங்கு உண்டு. தவறைப் பொன்னைப்போல் நிறுத்து அவரவர்க்கு இத்தனை குந்துமணி என்று பிரித்துவிட இயலாது. ஆனால் முழுவதையும் ஒருவன் தட்டில் வைப்பது அநியாயம் என்பதை அறியத் தராசு தேவையில்லை.

அவள் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். பெரியப்பா அதைத் தியாகம் என்று பாராட்டியிருப்பார். ஆனால் அதனால் அந்தக் கடையில் எதுவும் மாறியிருக்காது. அடுத்த மோதிரமும் இரண்டு எண்களோடு பட்டறைக்குப் போகும், அதே இளைஞன் அல்லது அவனைப் போன்ற மற்றொருவன் தலைகுனிந்து நிற்பான். தன் மனவலியிலிருந்து தப்பிப்பதற்காக விட்டுக்கொடுப்பதைக் கருணை என்று சொல்வதற்கில்லை. அவள் மற்ற வழியைத் தேர்ந்தாள். கொடுத்த கூலியைத் திரும்பக் கேட்டாள். வேறிடத்தில் சரிசெய்யும் செலவையும் கேட்டாள். இரண்டையும் கடைதான் தர வேண்டும், இளைஞனின் கூலியிலிருந்து அன்று என்பதை எழுத்தில் கேட்டாள். கடைக்காரர் நெடுநேரம் பேசினார். முடிவில் கூலியைத் திருப்பித் தந்தார், செலவில் பாதியை ஏற்றார், அவள் கேட்டபடி எழுதியும் கொடுத்தார். அவள் படியிறங்கிய பிறகு அந்த எழுத்துக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. அவளுக்கும் அந்த ஐயம் போகவில்லை. நல்லெண்ணத்தோடு செய்யும் செயல்களிலும் பலன் நம் கையில் இல்லை என்பதன் கசப்பான பக்கம் இது.

ஒன்று மட்டும் அவள் கையில் இருந்தது. புறப்படுமுன் அந்த இளைஞனிடம், தான் சொன்ன சொற்களுக்காக மன்னிப்புக் கேட்டாள். மோதிரத்தைப் பற்றிய முறையீட்டை அவள் திரும்பப் பெறவில்லை. சொற்களை மட்டும் திரும்பப் பெற்றாள். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் கடைக்காரரைப் பார்த்தான்.

உடைந்ததும் இணைந்ததும்

1855 மே 31 அன்று தட்சிணேசுவரக் கோயில் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதன் பிறகு ஜன்மாஷ்டமிக்கு மறுநாள், கோவிந்தரின் திருவுருவத்தை எடுத்துச் சென்ற அர்ச்சகர் வழுக்கி விழுந்தார். திருவுருவத்தின் ஒரு கால் உடைந்தது. உடைந்த உருவத்தைக் கங்கையில் விட்டுப் புதியதை நிறுவ வேண்டும் என்று பண்டிதர்கள் கூறினர். ராணி ராசமணியின் மருமகன் ஒருவருக்குக் கால் முறிந்தால் அவரை எறிந்துவிடுவார்களா, வைத்தியம் செய்வார்களா என்று ஸ்ரீராமகிருஷ்ணர் கேட்டார். பிறகு தாமே அந்தக் காலைப் பொருத்திச் செம்மை செய்தார். பூஜை அந்தத் திருவுருவத்திற்கே தொடர்ந்தது. பின்னாளில் ஒரு செல்வந்தர், அங்குள்ள கோவிந்தர் உடைந்தவராமே என்று கேட்டபோது, முழுமையே வடிவான இறைவன் உடைவானா என்று நகைத்தார்.

அவரது செயலில் இரண்டும் இருந்தன. இறைவன் உடையாதவன் என்பதால் உடைந்த கால் உடைந்தபடியே கிடக்கட்டும் என்று அவர் விட்டுவிடவில்லை. ஒட்டு தெரியாதபடி மிகுந்த கவனத்தோடு சரிசெய்தார். ஒட்டிய பிறகு, ‘இது பழுதானது’ என்ற எண்ணத்தையும் வைத்துக்கொள்ளவில்லை. பெரும்பாலோருக்கு இதில் ஒன்றுதான் கைவருகிறது. சிலர் சரிசெய்யும் முயற்சியே இன்றித் தத்துவம் பேசுகிறார்கள். சிலர் எத்தனை சரிசெய்தாலும் ஒட்டிய இடத்தையே தடவிக்கொண்டிருக்கிறார்கள்.

பொற்கொல்லர் மொழியில் உலோகத்தை இணைப்பது பற்றாசு. ‘ஆசு’ என்ற சொல்லுக்குக் குற்றம் என்ற பொருளும் உண்டு. சொல்லாராய்ச்சி ஒருபுறம் இருக்க, இணைப்பு ஒன்று இருக்குமிடத்தில் அதன் தடம் இருக்கவே செய்யும் என்பதைத் தொழில் செய்பவர்கள் அறிவார்கள்.

கணவனும் மனைவியும் மோதிரத்தை எடுத்துக்கொண்டு ஜவேரி பஜாரில் வேறொரு முதியவரிடம் போனார்கள். அவர் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகி நெடுநேரம் பார்த்தார். பற்றவைத்தது யார் என்று கேட்டார். சொன்னதும், ஒட்டு நன்றாக இருக்கிறது, உள்ளே குமிழி இல்லை, கை தெரிந்தவன்தான், மெருகிடும்போது அவசரப்பட்டிருக்கிறான் என்றார். விளிம்பில் மணிகளை மீண்டும் உருட்டலாம், கல்லை நேராக்கி இறுக்கலாம். பெயரைப் பொறுத்தவரை, மங்கிய இரண்டு எழுத்துகளையும் வழித்துவிட்டுப் புதிதாகத்தான் பொறிக்க வேண்டும், பழைய கையெழுத்து அப்படியே வராது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

கணவன் ஒரு தாளில் பெயரை மீண்டும் எழுதினான். இரண்டு ஆண்டுகளில் அவன் கையெழுத்தும் சற்று மாறியிருந்தது. அவள் ரசீதை வாங்கிப் படித்தாள். எடை, கல்லின் அளவு, செய்ய வேண்டியவை, தொடக் கூடாதவை என ஒவ்வொன்றாக எழுதச் சொன்னாள். முதியவருக்குத் தமிழ் தெரியாது. பட்டறைச் சீட்டில் எழுத்துகளைப் படம் வரைவதுபோல் பென்சிலால் ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்துகொண்டார். வரைந்து முடித்து, இதை எப்படிச் சொல்வது என்று கேட்டார். அவள் பாட்டியின் பெயரைச் சொன்னாள். அவர் ஒரு முறை தவறாகச் சொன்னார். அவள் திருத்தியதும் சரியாகச் சொல்லி, சீட்டை மோதிரத்தோடு சேர்த்து நூலால் கட்டினார்.